மக்காச்சோளத்துக்குத் திருஷ்டி கழித்தேன்

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைக்கிறார்கள். வாயைத் திறக்காமலேயே இரண்டு குடும்பத்து வெள்ளாமைக்கு நோய் வைத்தவள் நான்.

எங்கள் காடு சிலமலை ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. அந்த வருடம் மக்காச்சோளம் போட்டிருந்தோம். பக்கத்துக் காடு சம்பந்தியம்மாவுடையது. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புதுச் சம்பந்தம் என்பதால் அவரைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் வரப்பில் நின்று, "மயினி, சோளமா இது? உள்ளுக்க யானை நின்னாலும் தெரியாது போலயே!" என்றார்.

நாலாம் நாள் அடி இலைகளில் சுருட்டு நீளத்துக்குச் சாம்பல் நிறத் திட்டுகள்.

"போடி டவுனு வேளாண்மை ஆபீஸ்ல ஒரு இலையைக் காட்டி மருந்து கேட்டுட்டு வெரசா வா, எனக்குத் தண்ணி பாய்ச்சுற சோலி கெடக்கு" என்று வீட்டுக்காரர் அனுப்பினார். பஸ் ஏறிப் போனேன். ஆபீஸ் வாசலில் அரைமணி நேரம் நின்றேன். உள்ளே இருந்த அதிகாரி (என் மகள் வயதுதான் இருக்கும்) எட்டிப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்றாள்.

"சும்மாதேன் வந்தேன்" என்று சொல்லி, இலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். (சும்மா வேளாண்மை ஆபீசுக்கு யார் போவார்கள்?)

"என்ன சொன்னாக?" என்றார் வீட்டுக்காரர்.

"தானாச் சரியாயிருமாம்."

பொய் சொன்னவள்தானே வைத்தியமும் பார்க்க வேண்டும்? இது சம்பந்தியம்மாவின் கண்ணேறு என்று முடிவு கட்டினேன். செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், காட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, நோய் விழுந்த இலைகளைப் பறித்து, உப்பும் மிளகாய் வத்தலும் சேர்த்து ஒரு துணியில் கட்டினேன். அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டை மூன்று சுற்றுச் சுற்றினேன். கட்டு நெகிழ்ந்து வழியெல்லாம் இலை உதிர்ந்தது. தோஷம் உதிர்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசியில் நெருப்பில் போட வேண்டும். தீப்பெட்டி கொண்டுபோக மறந்திருந்தேன். அதனால் மூன்று வரப்பு சேருகிற முக்கில் வீசிவிட்டு, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்திருந்தால், அது சம்பந்தியம்மா சோளத்தின் காலடியில் விழுந்தது தெரிந்திருக்கும்.

அந்த வாரமே சாரல் பிடித்தது. கொஞ்ச நாளில் சம்பந்தியம்மா சோளத்திலும் அதே திட்டு. என் மருமகன் பார்த்துச் சொன்னதும், அவர் என்னைப் போலவா, ஒரே போனில் அந்த அதிகாரியைக் காட்டுக்கே வரவழைத்துவிட்டார். நாங்களும் போனோம். நான் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"இது இலைக்கருகல், பூஞ்சாண நோய். நோய் இலையில இருந்து தூள் மாதிரி வித்துக் கெளம்பும். பரப்புறது ரெண்டு. காத்து, மழை. கண்டவுடனே இலையைக் கிள்ளி, அங்கிட்டு இங்கிட்டுக் கொண்டுபோகாம எரிச்சிரணும்" என்று பேசிக்கொண்டே முக்குக்கு வந்தவள் குனிந்தாள். "நோய் இலையை யாரு மூட்டை கட்டிப் போட்டது? மிளகாய் வேற!"

சம்பந்தியம்மா துணியை வாங்கி மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். "ஏ! இது கல்யாணத்துக்கு மயினிக்கு நான் எடுத்துக் குடுத்த சீலையோட ரவிக்கைத் துணியில்ல!"

(அந்த மஞ்சள் எனக்கு எடுக்காது என்று தைக்காமல் வைத்திருந்தேன். அதுவும் அன்றைக்கே வெளியாகிவிட்டது.)

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா கோபத்தோடு வீட்டுக்குப் போனால் என் மகள் என்ன பாடுபடுவாளோ என்று பயந்தேன். "உங்க கண்ணு பட்டிருச்சோன்னு..." என்று இழுத்தேன்.

"என் கண்ணா? மயினி, ரெண்டு கண்ணுலயும் புரை! எதிர்ல வர்ற பஸ்சே தெரியல, உங்க சோளத்தை எங்க கண்டேன்? புதுச் சம்பந்தமாச்சே, நல்லதா நாலு வார்த்தை சொல்லுவோம்னு சொன்னேன்!"

சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சுத்தி முடிச்சு எரிச்சிருந்தா நானே உங்களைப் பாராட்டியிருப்பேன்மா" என்றாள் அதிகாரி.

மறுநாளிலிருந்து இரண்டு காட்டிலும் அடி இலைகளைக் கிள்ளி எரித்தோம். நான் கைகாட்ட, சம்பந்தியம்மா கிள்ளினார். (பாதி நல்ல இலை.) அதிகாரி எழுதிக் கொடுத்த மருந்தையும் அடித்தோம். கதிருக்கு மேலே உள்ள இலைகள் தப்பித்தன. மணி கொஞ்சம் சிறுத்தாலும் வெள்ளாமை வீடு வந்தது.

மருமகன்தான் விடவில்லை. விருந்தாளி யார் வந்தாலும், "மக்காச்சோள நோயைப் பரப்புறது மூணு. காத்து, மழை, எங்க அத்தை" என்பார். வீடே சிரிக்கும். நான் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன்.

போன வருடம் ஊரில் விவசாயிகள் கூட்டம். அதே அதிகாரி, "இலைக்கருகல் எதனால பரவும்? யாராச்சும் சொல்லுங்க" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த மருமகன் தொண்டையைச் செருமினார். அவரை முந்திக்கொண்டு நானே எழுந்தேன்.

"காத்து, மழை, நான்."