நரம்பு மகானின் சால்வை

முடங்கிய காலை உதறவைக்கும் மகான் வந்திருக்கிறார் என்றதும் ஊருக்குக் கால் தரையில் பாவவில்லை. மண்டபம் முழுக்கச் சக்கர நாற்காலிகள். கட்டிலோடு தூக்கி வரப்பட்டவர்கள் ஒரு பக்கம். நன்றாக நடப்பவர்களும் முண்டியடித்தார்கள். பின்னால் தேவைப்படும் என்று முன்கூட்டியே அருள் வாங்கி வைத்துக்கொள்ளத்தான்.

நரம்பு மகான் என்பது உலகம் வைத்த பெயராம். உலகம் என்றால் அவருடைய மைத்துனர். மேடைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து 'மௌனத் தவம்' செய்பவரும் அவரே.

வாசலில் சீடர்கள் ஒவ்வொருவர் தொடையிலும் நறுக்கென்று கிள்ளினார்கள். "ஆ" என்றவர்கள் தைலம் வாங்கும் வரிசைக்குப் போனார்கள். கிள்ளியது தெரியாதவர்கள் மட்டும் மேடைக்கு. அருள்கூட ஆள் பார்த்துத்தான் இறங்குகிறது.

மேடையில் மகான் ஒரு ஈரச் சால்வையைத் தொடையில் இறுக்கிக் கட்டுவார். கண்ணை மூடி, "எழுந்திரு" என்பார். செத்துக் கிடந்த கால் விறைத்து நீளும். "அடங்கு" என்றால் தொப்பென்று விழும். கூட்டம் தேம்பித் தேம்பி அழும். ஒருவர்கூட எழுந்து நின்றதில்லை. அதை யாரும் கவனித்ததுமில்லை.

பிறகு ஒரு கட்டளை: "இனி ஆஸ்பத்திரி கூடாது, உடற்பயிற்சி கூடாது. வேர்வையில் அருள் கரைந்துவிடும்."

அந்த வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் சக்கர நாற்காலியில் இருந்தார். லிஃப்ட் குழியில் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. தள்ளிக்கொண்டு வந்தவள் அவர் மனைவி, தையல்காரி.

"அந்த ஆஸ்பத்திரித் தெரபிஸ்ட் அம்மா என்னைக்காவது நீங்க நடப்பீங்கன்னு சொல்லியிருக்காங்களா?" என்றாள் அவள்.

"தெரியாதுன்னு சொல்றாங்க. கரண்ட் கொடுத்து சைக்கிள் மிதிச்சா தசை வத்தாது, ரத்தம் நல்லா ஓடும், மத்ததைப் போகப்போகப் பார்க்கலாம்னாங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம். இவரு கண்ணை மூடிக்கிட்டே ஆட்டிடறாரு. நாளையிலேருந்து வரமாட்டோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன்."

மெக்கானிக் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நாம விட்டா அந்த சைக்கிள் சிகிச்சையில நம்ம இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. திரும்பக் கிடைக்காது."

"கேட்டா வேண்டாம்பீங்க. அதான் கேக்கல."

அவர் முறை வந்தது. சால்வை ஏறியது. "எழுந்திரு" என்றார் மகான். கால் நீண்டது. மனைவி மூக்கைச் சிந்தினாள்.

மெக்கானிக் தன் காலையே பார்த்தார். முட்டிக்கு மேலே தசை துடிக்கிறது, கால் விறைக்கிறது, பாதம் மட்டும் சும்மா தொங்குகிறது. தினமும் சிகிச்சை அறையில் பார்க்கும் அதே உதை. அங்கே மேஜைமேல் ஒரு மின்பெட்டி இருக்கும், ஒயர் கண்ணுக்குத் தெரியும். இங்கே அதை மட்டும் காணோம். "அடங்கு" என்றார் மகான். கால் தொப்பென்று விழுந்தது.

மனைவி சால்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். "உள்ளே மந்திரத் தகடு வெச்சிருக்காங்க போல. தைச்சவனுக்குத்தான் கையே வரல" என்று கிசுகிசுத்தாள்.

மெக்கானிக் குரலை உயர்த்தினார். "மகானே, ஒரே ஒரு ஆசை. சால்வையை நீங்க கட்டிக்கிட்டு எனக்கு 'எழுந்திரு' சொல்லுங்க. அருள் ரெண்டு மடங்கா இறங்குமில்ல?"

"எனக்கு எதற்கப்பா? என் கால்தான் நன்றாக..."

"கட்டிக்கோங்க மகானே" என்று கூட்டம் கெஞ்சியது. தையல்காரி அதற்குள் கணவர் தொடையிலிருந்து சால்வையை அவிழ்த்து, மகானை மேடை நாற்காலியில் உட்காரவைத்து, அங்கியைச் சுருட்டி, பக்தியோடு இறுக்கிக் கட்டியே விட்டாள்.

மகானுக்கு வேர்த்தது. திரைக்குப் பின்னாலிருந்த மைத்துனருக்கு மேடை தெரியாது. 'எழுந்திரு' காதில் விழுந்தால் பொத்தானை அழுத்துவார், 'அடங்கு' என்றால் விடுவார். அதற்கு மேல் அவரை யாரும் சிந்திக்க விட்டதில்லை.

மகான் நைசாக, "மேலே வா மகனே" என்றார்.

"மந்திரம் மாறிப்போச்சே மகானே."

கூட்டமே எடுத்துக் கொடுத்தது: "எழுந்திரு, எழுந்திரு."

மைத்துனர் கடமை தவறாதவர். அழுத்தினார். மகானின் கால் விறைத்துப் பாய்ந்து மைக்கை உதைத்தது. அவர் தொடையில் உணர்ச்சி பழுதில்லாமல் இருந்தது.

"ஐயோ, சுள்ளுனு இழுக்குதுடா. நிறுத்துடா மச்சான்."

'நிறுத்து' என்பது மைத்துனரின் பாடத்திட்டத்தில் இல்லை. கூட்டம் வேறு பரவசத்தில் "எழுந்திரு" என்று கூவிக்கொண்டே இருந்தது. மகான் நாற்காலியோடு சரிந்து தைலப் பெட்டிகள்மேல் விழுந்தார். கடைசியில்தான் சரியான சொல் நினைவுக்கு வந்தது. "அடங்குடா பாவி."

அடங்கியது.

தையல்காரி சால்வையை உருவி ஓரத்தைப் பிரித்தாள். பட்டைகள், ஒயர், பேட்டரி. யாரோ திரையை இழுத்தார்கள். ரிமோட்டும் கையுமாக மௌனத் தவம் திருதிருவென்று விழித்தது.

"அப்போ உங்க கால் ஆடினது பொய்யா?" என்று கணவரைக் கேட்டாள்.

"ஆடினது நிஜம்தான். கரண்ட் விட்டா ஆடும். ஆஸ்பத்திரியில ஒயரைக் காட்டிட்டு விடறாங்க, தெரியாததைத் தெரியாதுங்கறாங்க. இவரு ஒயரை மறைச்சுட்டு எல்லாம் தெரியும்னாரு."

அவள் போனை எடுத்தாள். "தெரபிஸ்ட் அம்மாங்களா? இடத்தை யாருக்கும் கொடுத்துடாதீங்க. காலையில கூட்டிட்டு வந்துடறேன்." பதிலைக் கேட்டபிறகுதான் மூச்சு விட்டாள். "சைக்கிளை எடுத்து வைங்கம்மா, அவரு மிதிப்பாரு."

பின்வரிசையில் ஒரு பெரியவர் இன்னும் கைகூப்பியபடியே நின்றார். "மகானையே உதைக்குதுன்னா அந்தச் சால்வைக்கு எவ்வளவு சக்தி இருக்கணும்?" அவர் பின்னால் புதிதாக ஒரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

அசையாத காலுக்கு மின்சாரம் கொடுத்து அசைக்க விஞ்ஞானம் வழி கண்டுபிடித்துவிட்டது. அசையாத மூளைக்கு அப்படியொரு பட்டை இன்னும் வரவில்லை. ஐயா, அம்மா, அதை நீங்களேதான் கொஞ்சம் அசைத்துப் பார்க்கவேண்டும்.