பம்மல் தாண்டிய தியானம்

ஆறு மணிக்குக் கூட்டம். கதிரேசன் இன்னும் பல்லாவரத்தில், ஆள் நிரம்பிய ஷேர் ஆட்டோவுக்குள் நெளிந்துகொண்டிருந்தார்.

பம்மல் வாசகர் வட்டத்தில் அவர் பேச வேண்டும். தலைப்பு, 'தியானம்: சொல்லும் பொருளும்'. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆனால் இதுவரை அவர் பேச்சை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. வகுப்பில் பையன்கள் தூங்கினார்கள். வீட்டில் மனைவி ஜெயஸ்ரீ டிவி சத்தத்தைக் கூட்டுவாள். இன்றாவது ஒரே ஒருவர் கொட்டாவி விடாமல் கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஆட்டோ கிளம்பியும் படபடப்பு அடங்கவில்லை. உதடு தானாக ஒத்திகை பார்த்தது.

"இன்னா சார், தானா பேசிகினு வரீங்க?" என்றார் ஓட்டுநர் அன்பு.

"ஒண்ணுமில்லப்பா. தியானம்ங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு..."

"எங்கேருந்து சார்?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அருள்மேரி.

கேட்டுவிட்டார்களே! விடுவாரா மனுஷன்?

"சமஸ்கிருதத்துல 'த்யை'ன்னு ஒரு வேர்மா. ஒண்ணையே விடாம நினைக்கிறது. புத்த பிக்குகளோட அது சீனாவுக்குப் போய், 'சான்' ஆயிடுச்சு."

வெளியே பார்த்தால் திருநீர்மலை.

"ஐயையோ, பம்மல் போயிடுச்சே! திருப்புப்பா!"

அன்பு திருப்பினார். திருப்பியவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அத்தோட சைனாலயே நின்னுட்சா சார்?"

"எங்க நின்னுச்சு? ஜப்பானுக்குப் போய் 'ஜென்' ஆச்சு!"

ஜப்பானை முடித்து மூச்சு விட்டபோது வண்டி மறுபடி பல்லாவரத்தில் நின்றது.

"பேஜாரா பூட்ச்சு சார். கேட்டுகினே வந்ததுல ரோடே தெரியல."

கைபேசி அலறியது. வாசகர் வட்டச் செயலாளர் சுகுமார்.

"எங்க சார் இருக்கீங்க?"

"இதோ, தெருமுனைதான்!" என்று கூசாமல் புளுகினார் கதிரேசன். பிறகு பம்மல் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

அவர் இறங்கி ஓடியபோது சுகுமார் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க. எல்லாரும் கிளம்பிட்டாங்களா?"

"வந்தாத்தானே சார் கிளம்புறதுக்கு? இவ்ளோ நேரம் காலி நாற்காலிங்களோட உட்கார்ந்திருந்தேன்."

கதிரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பேச்சைக் கேட்க ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

பின்னால் ஆட்டோவிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். முன்னால் வந்த அருள்மேரி சுகுமாரிடம் சொன்னார்:

"கூட்டத்துக்கு வர்றவங்க எல்லாரும் இந்த ஆட்டோலதான் இருந்தோம் தம்பி, பம்மல் வந்துடுச்சுன்னு சொன்னா சார் பேச்சை நிறுத்திடுவாரேன்னுதான் வாயைத் திறக்கல!"