லெப்ட் சிஸ்டர்

தாம்பரம் வட்டாரத்தில் வலது பக்கம் என்ற ஒன்றையே ஒழித்துக்கட்டப் பார்த்தவர் லெப்ட் சிஸ்டர். சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். இரும்புலியூரிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குக் கறுப்புக் குடையும் பவுடர் டப்பாவுமாக நடந்தே வருவார்.

அறுபதுகளின் கடைசி அது. கணக்கு வாத்தியாரான என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவு, கண்ணும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் உலகத்தில் இடது பக்கம் ஒன்று இருப்பதையே மனுஷர் மறந்துவிட்டார். தட்டில் நாலு இட்லி வைத்தால் வலது பக்கத்து இரண்டைத் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். வலது கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு ரேஸரைக் கீழே வைப்பார்.

"இன்னா சார், பாதி மூஞ்சில தாடி கீது?" என்றார் பால்காரர்.

"மழமழன்னுதானேப்பா எடுத்திருக்கேன்!" என்றார் அப்பா, வலது கன்னத்தைத் தடவிக்கொண்டு.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள சிஸ்டர் வந்த முதல் நாளே, அம்மா தட்டைத் திருப்பி வைக்கப் போனாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டைத் திருப்பாதீங்கம்மா. தலை திரும்பட்டும்."

அன்றே கட்டிலை இழுத்து, அப்பாவின் வலது பக்கம் சுவர் வரும்படி போட்டார். ரேடியோ, பேப்பர், காபி எல்லாம் இடது பக்கம் குடியேறின. அப்பா சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்தார். மறுநாள் காலண்டரும் போயிற்று. பார்க்க வந்து கால்மாட்டில் வலது ஓரமாக நின்ற ஹெட்மாஸ்டரை சிஸ்டர் தோளைப் பிடித்து நகர்த்தினார். "லெப்ட்ல போய் நில்லுங்க சார். அங்க நின்னு உங்களால ஒரு பிரயோஜனமும் இல்ல."

இரண்டு மணிக்கொரு தரம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போடும்போது, அவரது இடது கையை எடுத்துக் காட்டுவார். "இது யார் கை சார்?"

"யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க சிஸ்டர்."

"உங்க கைதான். கொஞ்சம் நலம் விசாரிங்க."

இதையெல்லாம் எங்கே படித்தார் என்று கேட்டேன். "கட்டில் பக்கத்துலதான்" என்றார்.

எங்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. அம்மாவுக்கு இல்லை. அப்பா விழுந்த அன்று காலை, காபி ஆறிப்போனதற்காக இருவருக்கும் பெரிய சண்டை. ஆஸ்பத்திரியிலும் அவள் ஸ்டூல் கட்டிலின் இடது பக்கம்தான் கிடந்தது. அவள் கேட்டால் பதில் வரும், முகம் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கும்.

"கோபம் தீரலடா. என்னைப் பார்க்கவே பிடிக்கல" என்று சமையலறையில் என்னிடம் அழுதாள்.

"கோபமே இல்லம்மா. நீங்க உட்கார்ற பக்கமே அவருக்கு இல்ல" என்றார் வெந்நீர் எடுக்க வந்த சிஸ்டர். அம்மா நம்பவில்லை. ஒரு நாள் சுவருக்கும் அப்பாவுக்கும் நடுவே நுழைந்துவிடுவதென்று கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்தாள். பின்னாலேயே குரல் வந்தது. "இறங்குங்கம்மா. குறுக்கு வழி வேணாம்."

ஒன்றரை மாதம் போயிற்று. எனக்கு லீவான ஒரு மத்தியானம், அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, செம்பாக்கம் ஏரி நிரம்பி வழிகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தலை மெல்ல அசைந்தது. சுவரை விட்டு, உத்தரத்தைத் தாண்டி, அம்மாவின் முகத்தில் வந்து நின்றது.

"அட, நீ எப்ப வந்தே?"

"இப்பதாங்க" என்றாள் அம்மா.

சிஸ்டர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான்.

அப்பா கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும் சிஸ்டர் வேறொரு வீட்டுக் கட்டிலை நகர்த்தப் போய்விட்டார். கடைசி நாளன்று அப்பாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தோம். கறுப்புக் குடை இடது பக்கமாகப் போய்த் தெருமுனையில் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "உள்ளே போகலாம்பா" என்று வலது பக்கம் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். என்னை அவர் கவனிக்கவே இல்லை. எனக்கும் அவரை அவசரப்படுத்த மனம் வரவில்லை.