பென்சில் குறியும் ஒரு பொருளாளரும்

ஓர் அறக்கட்டளையின் பொருளாளர் செய்ய வேண்டிய வேலை, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் பேனாவால் கையெழுத்துப் போடுவது. இதை நான் ஆறு வருடம் மனப்பூர்வமாக நம்பினேன். குறி இல்லாத இடத்தில் தவறிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நிதி மேற்பார்வை என்று பெயர் என்றும் நினைத்திருந்தேன்.

திருவேற்காட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் பகல்நேர மையம் அது. நடக்கவும் பேசவும் தாமதமாகிற குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறோம். ("தருகிறோம்" என்றால், பதினோரு ஊழியர்கள் தருகிறார்கள். நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் போட்டு சமோசா சாப்பிடுகிறோம்.) என்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்த காரணமும் பெரிதாக ஒன்றுமில்லை. அன்றைய கூட்டத்தில் பேனா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

இத்தனைக்கும் பிழைப்புக்கு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஒரு டஜன் போல்ட் வாங்க மூன்று கடையில் விலை கேட்பேன். மூன்றாவது கடைக்காரர் அழுகிற வரைக்கும் கேட்பேன். மையத்தில் மட்டும் எதையும் கேட்க மாட்டேன். கேட்டால் மரியாதையாக இருக்காதாம்.

மையத்தின் நிர்வாகி மெஹருன்னிசா, பூந்தமல்லிக்காரர். அலுவலகம், கணக்கு, சாவி எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி வேலையாக மூன்று வாரம் கோவைக்குப் போக வேண்டியிருந்தபோது, அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று ஒரு முழு செக் புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். இருபத்தைந்து தாள். தேதி இல்லை, பெயர் இல்லை, தொகை இல்லை. எங்கள் தலைவரும் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். நான் போட்டிருந்தால் அவர் போட்டுவிடுவார். அவர் எப்படியும் போடுவார் என்பதால் நான் போட்டுவிடுவேன். இதற்கு இரட்டைக் கட்டுப்பாடு என்று பெயர்.

"சார், இது வேணாம் சார்" என்றார் மெஹர் மேடம்.

"ஏன் மேடம், என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டேன். (யார் யாரிடம் கேட்க வேண்டிய கேள்வி, பாருங்கள்.)

அவர் வாங்கிக்கொண்டார். நான் கோவைக்குப் போனேன், வந்தேன், மறந்தேன்.

போன பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை, அறங்காவலர்களுக்கு நிதி மேற்பார்வைப் பயிற்சி என்று அம்பத்தூரில் ஒரு நாள் வகுப்பு. மதியச் சாப்பாடு உண்டு என்று அழைப்பில் போட்டிருந்ததால் போனேன். பயிற்சி கொடுத்த அம்மையார் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "இங்க யாரெல்லாம் ஒண்ணும் எழுதாத செக்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம்."

நாற்பது பேரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தோம். அழகான விசிறி.

பிறகு அவர் ஒரு கதை சொன்னார். எங்கோ ஓர் ஊரில் ஓர் அமைப்பு, கையெழுத்துப் போட்ட வெற்று செக்குகள், ஒரு நாள் கணக்காளரைக் காணோம். கதைக்குப் பிறகு, "கேள்வி கேக்கறது சந்தேகம் இல்லீங்க, அதுதான் உங்க வேலை. முதல்ல நிதானமா உக்காந்து, முன்னாடி இருக்கற காகிதத்தைப் படிங்க" என்றும் சொன்னாராம். இதைப் பிற்பாடு பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் காதில் "காணோம்" என்பதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை.

வெளியே வந்து மெஹர் மேடத்துக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். சாப்பாட்டு மேஜையில் பாயசம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதையே துறந்துவிட்டு பைக்கை எடுத்தேன் என்றால் என் பீதியின் அளவு உங்களுக்குப் புரியும்.

அயனம்பாக்கம் வழியாக நான் ஓட்டிய வேகத்துக்கு, எதிரில் வந்த ஒரு ஷேர் வேன்காரர் எனக்கு வழிவிட்டார். யாருக்கும் வழிவிடாத ஷேர் வேன்!

மையத்தில் அலுவலக அறை பூட்டியிருந்தது. வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை, குழந்தைகளை அழைத்துவரும் வேனின் ஓட்டுநர்.

"மேடம் எங்கப்பா?"

"காலீலயே பூட்டாங்களே சார். பெரிய பை ஒண்ணு தூக்கிகினு."

"பையா? பையில என்ன?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் இன்னா ஸ்கேன் மிசினா?"

"யார் கூடப் போனாங்க?"

"அவங்க ஊட்டுக்காரரு வண்டில. பேங்க்குனு சொல்லிகினாங்க."

பை, கணவர், வங்கி, அணைத்த போன். கதையில் விட்டுப்போயிருந்த பாகங்கள் எல்லாம் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. இந்நேரம் இருவரும் எந்த மாநிலத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டபடி வங்கிக்குப் பறந்தேன்.

வங்கி அதிகாரி நிதானமான மனிதர். "செக் நிறுத்தணுமா? நம்பர் சொல்லுங்க."

"தெரியாது."

"என்ன தேதி போட்டீங்க?"

"போடல."

"யார் பேருக்கு?"

"போடல."

"எவ்ளோ தொகை?"

"அதுவும் போடல."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப என்னதான் சார் போட்டீங்க?"

"கையெழுத்து" என்றேன். வங்கிக்கு வந்திருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தக் கணக்குல நிலுவையில இருக்கற எல்லா செக்கையும் நிறுத்திடுங்க" என்றேன்.

"இன்னிக்குக் காலையில ஒண்ணு வந்திருக்கு சார். எங்க பேங்க் பேருக்கே இருக்கு..."

"உங்க பேருக்கேவா! என்ன சாமர்த்தியம் பாருங்க!"

"இல்ல சார், கூடவே ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்க. பதினோரு பேரு..."

"கும்பலா! அதைத்தான் முதல்ல நிறுத்துங்க!"

மனிதர் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் நானே பேசினேன். கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், கடவுளே, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. போட்டேன்.

நாலு மணிக்கு மையத்து வாசலில் மெஹர் மேடம் வந்து இறங்கினார். கையில் அதே பை. அவர் தப்பிக்காமல் இருக்கும்பொருட்டு நான் கேட்டை மறித்து நின்றேன். (தப்பிப்பவர் எதற்காக உள்ளே வருகிறார் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.)

"எங்க மேடம் போனீங்க?"

"ஆவடிக்கு சார், ஆடிட்டர் ஆபீசுக்கு. வவுச்சர் எல்லாம் காட்டிட்டு வர்றேன். நேத்தே குரூப்புல போட்டிருந்தேனே, நீங்ககூட கட்டைவிரல் காட்டியிருந்தீங்க. போன்ல சார்ஜ் பூடுச்சு."

போனை எடுத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் கம்பீரமாக நின்றிருந்தது.

"அந்த இருபத்தஞ்சு செக் எங்க?" என்றேன்.

அவர் அறையைத் திறந்து, தீர்மானப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டி வைத்தார். "வாய்விட்டுப் படிங்க சார்."

படித்தேன். "பொருளாளர் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தந்த இருபத்தைந்து காசோலைகளும் குறுக்கே கோடிட்டு ரத்து செய்யப்பட்டு, கோப்பில் வைக்கப்பட்டுள்ளன. இனி இவ்வாறு கையெழுத்திடக் கூடாது எனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: பொருளாளர்."

கீழே என் கையெழுத்து. பக்கத்தில் அழிந்தும் அழியாமலும் ஒரு பென்சில் குறி.

"நானா முன்மொழிஞ்சேன்?"

"யார் முன்மொழியறீங்கன்னு கேட்டேன். சமோசா வந்திடுச்சு, என் பேரையே போட்டுக்குங்கன்னீங்க."

"அப்ப நான் கோவையில இருந்த மூணு வாரம்?"

"கடைக்காரங்ககிட்ட எல்லாம் பேசித் தவணை வாங்கினேன் சார்."

அப்போதுதான் ஏழுமலை போனைக் காதிலிருந்து எடுத்தபடி உள்ளே வந்தார். "மேடம், சம்பளம் ஏறலயே. பேங்க்ல கேட்டா, நம்ம சாரே வந்து நிறுத்திட்டாராமே? இன்னா சார் இது?"

அன்றைக்கு வங்கி நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் நாலாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. அதற்கடுத்து ஞாயிறு. அந்த விடுமுறைக்கு முன்னால் எல்லாருக்கும் சம்பளம் போய்விட வேண்டும் என்றுதான் மெஹர் மேடம் காலையிலேயே ஓடியிருக்கிறார். வங்கியின் பெயருக்கு ஒரு செக், யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல். எல்லா மாதமும் அப்படித்தான். அந்த செக்கில் முந்தாநாள் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். குறி இருந்தது, போட்டேன்.

"நாயித்துக்கெயம பொண்ணுக்குக் காதுகுத்து சார்" என்றார் ஏழுமலை. "சமையலுக்குச் சொல்லிட்டேன்."

மெஹர் மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் ஓடிட்டேன்னு நெனச்சீங்களா சார்?"

பயிற்சி வகுப்பு மின்விசிறிக்குச் சற்றும் குறைந்ததல்ல எங்கள் மையத்து மின்விசிறி. அதை நெடுநேரம் பார்த்தேன்.

"ஓடறதா இருந்தா மேடம் அவங்க ஊட்டுக்காரரு வண்டிலயா சார் ஓடுவாங்க?" என்று ஏழுமலைதான் இடையில் புகுந்தார். "அது வெள்ளானூர் தாண்டறதுக்குள்ள மூணு வாட்டி நின்னுடும்."

மேடம் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து விறுவிறுவென்று எழுதினார். ராஜினாமா என்றே நினைத்தேன். இந்த மையத்தை உண்மையில் நடத்துகிறவர் போய்விட்டால் குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது என்று அன்று முதல்முறையாக உருப்படியாகப் பயந்தேன். தாள் என் பக்கம் வந்தது. வங்கிக்குக் கடிதம், நிறுத்தியதை விலக்கிக்கொள்ளச் சொல்லி. பென்சில் குறி இல்லை.

"எங்க போடறது மேடம்?"

"படிச்சா தெரியும் சார்."

நான்கு முறை படித்தேன்.

ஏழுமலைக்கு என் சொந்தப் பணத்தைக் கொடுத்தேன். அதற்கும் மேடம் விடவில்லை. "தனிப்பட்ட கைமாற்று, மையத்துக்குச் சம்பந்தமில்லை" என்று எங்கள் இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு மனைவியோடு போனேன். பந்தியில் உட்கார்ந்ததும் ஏழுமலை தன் மாமன் மச்சான் எல்லாரையும் கூட்டிவந்து அறிமுகப்படுத்தினார்: "இவுருதான் மாமே, என் சம்பளத்த நிறுத்திட்டு, கடனும் குடுத்தவுரு." என் மனைவி இலையிலிருந்து நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அன்றிலிருந்து வீட்டு மளிகைப் பட்டியலின் அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. கையெழுத்துப் போட்டால்தான் பை கிடைக்கும்.

சரி, நடந்தது என்ன? ஒரு பைசாகூடக் காணாமல் போகவில்லை. பதினோரு பேருக்குச் சம்பளம் மூன்று நாள் தாமதமானது, பொருளாளர் அதை நிறுத்தியதால். அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் மெஹர் மேடம் இதை இப்படியேதான் எழுதியிருக்கிறார். நான் முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் சமோசா ஆறிவிட்டது.