ஹார்ட் டிஸ்க் எந்தப் பக்கம் படுக்க வேண்டும்

ஒரு காட்டில், மருதமரப் பொந்துக்குள் பட்டா அலுவலகம் நடந்துவந்தது. எந்த வளை யாருடையது என்ற விவரமெல்லாம் அங்கே ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

தாய்முயல் ஒன்றின் வளையைத் தன் தாத்தாவுடையது என்று நரி உரிமை கொண்டாடியது. அன்று மாலைக்குள் பட்டா நகலைக் காட்டாவிட்டால் முயல் காலி செய்ய வேண்டும் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். முயல் குட்டிகளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, காலையிலேயே வரிசையில் வந்து நின்றது.

அதன் முறை வந்தபோது கம்ப்யூட்டர் திணறியது. டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம். பழுது பார்க்கும் உடும்பை அழைத்தார்கள். அது பெட்டியைத் திறந்து பார்த்தது.

"படுக்க வைங்க, நிக்க வைங்க, தலைகீழாத் தொங்க விடுங்க, அது பாட்டுக்குச் சுத்தும். பிடிதான் இறுக்கமா இருக்கணும். நாலு ஸ்குரூவுல ரெண்டு கழண்டு கிடக்கு, அதான் அதிருது. அணைச்சுட்டு முடுக்கிடலாம். ஓடும்போது மட்டும் புரட்டாதீங்க."

தலைமை எழுத்தர் வௌவாலுக்கு இது பிடிக்கவில்லை. இத்தனை பெரிய அலுவலகத்தின் கோளாறுக்கு இரண்டு ஸ்குரூவா காரணம் என்று கேட்டது. தலைகீழாகத் தொங்கினால்தான் எதுவும் நிம்மதியாக வேலை செய்யும் என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை அப்படியே கவிழ்த்தது.

கணக்கர் ஆமை பதறிப்போனது. ஒருமுறை மல்லாந்து கிடந்து மூன்று நாள் பட்ட பாடு அதற்குத்தான் தெரியும். உடனே நிமிர்த்தி வைத்தது. நின்றால்தான் கவனம் சிதறாது என்று சொல்லி, உதவியாளர் கொக்கு அதைச் செங்குத்தாக நிறுத்தியது. வௌவால் மறுபடியும் கவிழ்த்தது.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று முயல் உடும்பிடம் கெஞ்சியது.

"சொன்னதுக்குத்தாம்மா என்னை வெளியே அனுப்பிட்டாங்க."

ஐந்தாவது புரட்டலில் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமே இல்லை.

பட்டாக்கள் எல்லாம் போயின. சிங்கம்தான் ராஜா என்ற சான்றும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. ஆகவே அரை மணி நேரத்தில் அரசாணை வந்துவிட்டது. இந்த நிமிடம் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ, அந்த இடம் அவர்களுக்கே சொந்தம். சிங்கம் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது. தொங்குவதும் உட்கார்வதாகவே கருதப்படும் என்று வௌவால் கீழே ஒரு குறிப்பைச் சேர்த்துக்கொண்டது.

முயல் வளைக்கு ஓடியது. உள்ளே நரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"காலையிலேருந்து ஆளையே காணோமே, எங்கம்மா போயிருந்தே?" என்று அன்பாக விசாரித்தது.

"வரிசையில நின்னுக்கிட்டு இருந்தேன்" என்றது முயல்.

நீதி: ஹார்ட் டிஸ்க் நின்றாலும் படுத்தாலும் தொங்கினாலும் ஒன்றும் ஆகாது. மனுதாரர் நின்றால்தான் ஆபத்து.