எண்பத்தைந்து டிகிரியில் வேகாத சோப்பு

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் சோப்புத் தொழிற்சாலையின் ஓய்வறையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், சோப்பு மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நீங்கள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுதக் கை கூசுகிறது.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், பக்கத்திலிருந்து என் மகள் "அப்பா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறாள், அதற்குப் பிறகு எந்த மனிதனுக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வாய் வரும்? நேற்று மூன்று தடவை கூப்பிட்டு மூன்று தடவையும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேனே, அது இதனால்தான். இந்தக் கடிதம் நம் சரக்கு லாரி டிரைவர் கையில் உங்களிடம் வரும். படித்ததும் கிழித்துவிடுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மறந்துவிடுவேன்.

நீங்கள் எங்கள் சோப்புக் கொப்பரைக்குக் கம்ப்யூட்டர் மாட்டி, கண்ணாடி அறை கட்டி, மூன்று திரை வைத்து ஒப்படைத்துவிட்டுப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். கிளம்புகிற அன்றைக்கு நாலு பேர் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "மாமா, மூணு வருஷப் பதிவேட்டை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கேன். இவ்வளவு சீரா ஓடுற கொப்பரைய நான் எங்கயும் பார்த்ததில்ல. எண்பத்தஞ்சு டிகிரியிலருந்து ரெண்டு டிகிரி கூட விலகல. நீங்கதான் மாமா ஆபரேட்டர்!" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் ஆரம்பித்ததுதான் இத்தனையும். அந்தப் பதிவேடு பொய், மாப்பிள்ளை.

பதறாதீர்கள், முழுதாகச் சொல்கிறேன். கொப்பரைக்கு எதிர்ச் சுவரில் ஒரு தகரப் பலகை இருக்கிறதல்லவா, எண்ணெயும் காரமும் எண்பத்தைந்து டிகிரியில் காய்ச்ச வேண்டும் என்று? அதை யார் எழுதி மாட்டினார்களோ, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே மாட்டியாகிவிட்டது. எண்பத்தைந்தில் அந்தச் சோப்பு வேகவே வேகாது. எண்ணெய் ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம், கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும். தொண்ணூற்றைந்து வேண்டும். நுரை எவ்வளவு ஏறுகிறது, கரண்டியில் எடுத்து ஊற்றினால் எப்படி விழுகிறது என்று கண்ணால் பார்த்து நாங்கள் தொண்ணூற்றைந்தில்தான் காய்ச்சினோம். ஆனால் பதிவேட்டில் தொண்ணூற்றைந்து என்று எழுதினால் ஆய்வாளர் வந்து ஏன் என்பார். பலகையை மாற்றலாம் என்றால் அதற்கு ஏழு கையெழுத்து வேண்டும். அதனால் எண்பத்தைந்து என்று எழுதினோம். எழுதினோம் என்றால் இருபத்திரண்டு வருஷம் எழுதினோம். அதுவும் மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தா எழுதினோம்? ஷிப்டு ஆரம்பித்து டீ ஆறுவதற்குள் எட்டு மணி நேரத்துக்கும் எழுதி முடித்துவிடுவோம். அதிலும் ஒரு நேர்த்தி உண்டு. வரிசையாக ஒரே எண்ணை எழுதினால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும், ஆகையால் இடையில் ஒரு எண்பத்து நான்கு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு எண்பத்தாறு. பாதியில் பேனாவை மாற்ற வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் விரலால் தேய்த்துவிட்டால் கொப்பரை பக்கத்திலேயே நின்று எழுதின மாதிரி இருக்கும். நீங்கள் அசந்துபோன அந்தச் சீர், கொப்பரையின் சீர் இல்லை, என் கற்பனையின் சீர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் எட்டு தொழிற்சாலை, ஐந்தில் கண்ணாடி அறை வந்துவிட்டது, மீதி மூன்றும் வரிசையில் நிற்கின்றன. பெயிண்ட் கம்பெனிக்கும் பசைக் கம்பெனிக்கும் இங்கிருந்து போன இரண்டு பேருக்குப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

நீங்கள் பதிவேட்டைக் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, மென்று விழுங்கிவிட்டேன். மாப்பிள்ளைக்கு முன்னால் மாமனார் சிறுத்துப்போகலாமா என்கிற வீம்பு. தூசி தட்டி, துணியால் துடைத்து, மூன்று கட்டாகக் கட்டி என் கையாலேயே கொடுத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள், நான் மண்ணைக் கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை தலையில் போடவைத்தேன்.

நீங்கள் இங்கே இருந்தவரை கொப்பரையில் தண்ணீரை ஊற்றித்தான் சோதித்தோம். தண்ணீர் எந்த டிகிரிக்கும் கோபித்துக்கொள்ளாது. நீங்கள் போன மறுநாள் நிஜமான எண்ணெய் ஏறியது, கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சைத் தட்டாமல் எண்பத்தைந்திலேயே பிடித்து நிறுத்தியது. எண்பத்தெட்டைத் தொட்டால் போதும், தானாகவே ஸ்டீம் வால்வை மூடி ஊரே கேட்கிற மாதிரி சங்கு ஊதுகிறது. முதல் காய்ச்சல் குழகுழ என்று வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மேலாளர் வந்து அச்சில் விரலை வைத்தார், விரல் கணு வரைக்கும் உள்ளே போனது. "என்னங்க, உங்க மாப்பிள்ளை மிஷின் சோப்பு காய்ச்சுதா, போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நேரே போய் ஃபிட்டரைப் பார்த்தேன். அவனை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள், உங்களுக்கும் தெரியும்.

"அண்ணே, கொப்பரைக்குள்ள சூடு பார்க்கிறது ஒரு கம்பிதானே? முழுசா உள்ள இருந்தா முழுச் சூடும் தெரியும். ஒரு சாண் வெளிய இழுத்து வச்சா பத்து டிகிரி குறைச்சுக் காட்டும். அய்யோ குளிருதேன்னு கம்ப்யூட்டரே ஸ்டீமைக் கூட்டிரும்" என்றான்.

"அதுக்குத் தெரிஞ்சிராதா?"

"அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

நட்டைத் தளர்த்தி ஒரு சாண் இழுத்தான். திரையில் எண்பத்தைந்து, கொப்பரையில் தொண்ணூற்றைந்து. அன்றைக்கு வந்த சோப்பைத் தட்டினால் செங்கல் மாதிரி சத்தம். மேலாளர் கை கொடுத்தார். "மாப்பிள்ளை போன்ல சின்னதா ஒரு திருத்தம் சொன்னார், அதைத்தான் செஞ்சோம்" என்றேன். அதாவது என் பொய்க்கு உங்கள் பெயரை வைத்தேன்.

அது ஒரு வாரம் ஓடியது. முந்தாநாள் காலை பத்து மணி இருக்கும். தளர்த்தின நட்டை ஸ்பேனர் திரும்ப இறுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொப்பரை நடுங்க நடுங்கக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவியிருக்கிறது. கண்ணாடி அறையில் திரையைப் பார்த்துக்கொள்கிற பெண் மைக்கில் சொல்கிறாள், "சார், எழுபதுக்கு வந்துருச்சு. அறுபத்தஞ்சு. ஸ்டீம் வால்வ் முழுசாத் திறந்திருக்கு சார். சங்கு எதுவும் அடிக்கல, எல்லாம் பச்சைதான்." அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, திரையில் அப்படித்தான் இருந்தது. சூடு ஏறினால் சங்கு ஊதத்தான் நீங்கள் வைத்திருந்தீர்கள், என் பதிவேட்டில் எந்தக் காலத்திலும் அது குறைந்ததே இல்லையே, குறைந்தால் ஊத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நான் கொப்பரையைத் திரும்பிப் பார்த்தேன். நுரை ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறுகிறது என்றால் பால் பொங்குகிற மாதிரி இல்லை, தரை எழுந்து வருகிற மாதிரி, சத்தமே இல்லாமல். அதற்கு நேர் கீழே ஏணியில் நின்றுகொண்டு ஸ்பேனர் ஏதோ பாட்டு முணுமுணுத்தபடி விளக்கு மாட்டுகிறான்.

"டேய், இறங்குடா!"

"இருங்கண்ணே, ஒரே ஒரு திருகு."

சுவரோரம் பெரிய ஸ்டீம் குழாயின் கைச்சக்கரத்துக்கு ஓடினேன். இனிமேல் அது தேவைப்படாது என்று சொல்லி, திறப்புவிழாவுக்கு அழகாக இருக்கட்டும் என்று குழாயோடு சேர்த்து வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டோமே, அது இறுகிப்போய் அசையவில்லை. பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் நான்தான். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு முழு உடம்பையும் போட்டுத் தொங்கினேன். கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு அந்தப் பெண் சொன்னாள், எனக்கு ஞாபகம் இல்லை. பெயிண்ட் சடக்கென்று உடைந்து சக்கரம் திரும்பியது. அதே நேரம் நுரை விளிம்பைத் தாண்டி ஏணி மேல் கொட்டியது. ஏணியில் ஆள் இல்லை. குதித்துவிட்டிருந்தான். ஒரு செருப்பு மட்டும் படியில் மாட்டிக்கொண்டு நின்றது, சோப்பு அதை மூடி இறுகிவிட்டது, இன்னும் எடுக்க முடியவில்லை. அவனோ ஒற்றைச் செருப்போடு தரையில் உட்கார்ந்து, "விளக்கு போச்சேண்ணே" என்றான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், முகத்தைத் துடைத்த பிறகுதான் அழுதிருக்கிறேன் என்று தெரிந்தது. அரை நிமிஷம் தாமதித்திருந்தால் அவன் வீட்டுக் கதவைத் தட்டி நான்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று சொல்லியிருப்பேன்? இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருப்பதற்கு உள்ளங்கைக் கொப்புளம்தான் காரணம், உங்கள் அத்தையிடம் கதவிடுக்கில் நசுங்கியது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆட்கள் ஓடி வருவதற்குள் ஸ்பேனர் எழுந்து, கம்பியை உள்ளே தள்ளி நட்டை முறுக்கிவிட்டான். அப்புறம் என் காதில், "கருவி மேல போட்டுருவோம்ணே. அதுக்கென்ன பொண்டாட்டி பிள்ளையா இருக்கு?" என்றான். அதுக்கு இல்லைடா, அதை மாட்டினவருக்கு இருக்கு, அவ என் பொண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

கம்ப்யூட்டர் வரைந்து வைத்திருக்கிற கோட்டை நீங்களும் அங்கிருந்தே பார்த்தீர்களாம், எண்பத்தைந்திலிருந்து செங்குத்தாக விழுகிறதாம். அதை வைத்துக்கொண்டு, கருவி மோசம், மாட்டியவர் பொறுப்பில்லாதவர் என்று மேலாளர் உங்கள் கம்பெனிக்கு எழுதப் போகிறார். திங்கட்கிழமை முதலாளி வந்து பார்த்ததும் அது கிளம்பும். உங்களுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முந்தாநாள் ராத்திரி நீங்கள், "மாமா, நாலு தடவை பார்த்துட்டேன், எங்க தப்புப் பண்ணினேன்னே தெரியல. யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?" என்று கேட்டபோது, "எல்லாம் சரியாப் போயிரும், வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றேன். இதைவிட ஒரு மனிதன் கீழே போக முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் உங்களை மன்றாடிக் கேட்பது. ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்க வந்த மாதிரி வாருங்கள். பின்வாசலில் ஸ்பேனர் நிற்பான். கம்ப்யூட்டரில் எண்பத்தைந்தைத் தொண்ணூற்றைந்தாக மாற்றிவிட்டு, மேலிடத்திலிருந்து ஏதோ புதுசாக வந்தது, போட்டேன் என்று சொல்லிவிடுங்கள். யாருக்கும் புரியாது, புரியாததால் யாரும் கேட்க மாட்டார்கள். சோப்பு நன்றாக வந்துவிட்டால் மேலாளர் கோபமும் இறங்கிவிடும். பதிவேட்டைப் பற்றி மூச்சு விட வேண்டாம், எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம்தான். முக்கியமாக என் மகளுக்குத் தெரிய வேண்டாம். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரே ஜீவன் அவள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், தொட்டது துலங்கி, திறக்க வேண்டிய வால்வு திறந்து மூட வேண்டிய வால்வு மூடி, நீண்ட காலம் நிம்மதியாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

அன்பு மாமனார்.

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டி டிரைவரிடம் கொடுக்கப் போகும்போது மேலாளர் கூப்பிட்டனுப்பினார். உங்கள் கம்பெனிக்கு எழுதின புகார் மேசை மேல் இருந்தது. "சீனியர் ஆபரேட்டர் நீங்க. கருவி கெட்டதைக் கண்ணால பார்த்தேன்னு ஒரு கையெழுத்து போடுங்க. மாமனாரே சாட்சி சொன்னா அப்புறம் அவங்க பேச முடியாது" என்றார். பேனாவையும் திறந்து கொடுத்தார். அந்தத் தாளில் நாலு இடத்தில் உங்கள் பெயர். எத்தனையோ ஆயிரம் வரி கூசாமல் எழுதின கை, அந்த ஒரு வரிக்கு வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் 'சரிபார்த்தேன்' என்று அவருடைய கையெழுத்து. மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இதை நமக்குள்ளயே வச்சுக்குவோம். அவரை ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம வரச் சொல்லி டிகிரியை மட்டும் மாத்திருவோம். நடந்ததுக்குக் கருவியே காரணமா இருக்கட்டும்" என்றார். நான் உங்களிடம் கேட்டது அதேதான், மாப்பிள்ளை. இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எப்படி நாறுகிறது என்று தெரிந்தது. அவர் மேசையிலிருந்தே முதலாளிக்குப் போன் போட்டு முதல் நாளிலிருந்து சொல்லிவிட்டேன், கம்பியை இழுத்தது வரைக்கும். முதலாளி திட்டவில்லை, திங்கட்கிழமை பத்து மணிக்கு வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார், அதுதான் பயமாக இருக்கிறது. நீங்களும் திங்கட்கிழமையே வாருங்கள், முன்வாசல் வழியாக. பெயிண்ட் கம்பெனியிலும் பசைக் கம்பெனியிலும் யார் மாட்டினார்களோ அவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கடிதத்தைக் கிழிக்காதீர்கள். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்கு அவள் அப்பா சொல்லித்தான் தெரிய வேண்டும்.