எலும்புக்கூடு கற்ற ஒரு வார்த்தை

எலும்புக்கூட்டுக்கு இங்கிலீஷ் கற்றே தீருவது என்று வைராக்கியம் வந்துவிட்டது.

சும்மா வந்த வைராக்கியம் இல்லை, வியர்த்து வந்த வைராக்கியம். பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு பேய் வீடு இருக்கிறது. அதன் இருட்டு மூலையில் கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, அதன்மேல் வெள்ளைப் பெயின்டில் வரைந்த எலும்புகளோடு, வருகிறவர்கள் முன்னால் குதித்து "ஹா!" என்று கத்துவதுதான் நம்ம ஆளின் உத்தியோகம். கல்யாணமான வருஷம் தைத்த உடுப்பு. அதற்கப்புறம் தொப்பை வளர்ந்தது, உடுப்பு வளரவில்லை. இப்போது விலா எலும்புகள் எல்லாம் தொப்பையைச் சுற்றி வந்து, பூசணிக்காய்க்குக் கோடு போட்ட மாதிரி நிற்கும். ஆனாலும் பூங்காவில் எல்லோருக்கும் அவர் 'எலும்பு'தான்.

உள்ளே காற்று கிடையாது, வெளிச்சம் கிடையாது. இன்னொரு விஷயம், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்: எலும்புக்கு இருட்டென்றால் பயம். அந்த "ஹா!"வில் பாதி அடுத்தவரைப் பயமுறுத்த, மீதி தனக்கே தைரியம் சொல்லிக்கொள்ள.

வெளியே வாசலிலோ ஒரு நாற்காலி, தலைக்கு மேலே ஒரு ஃபேன். அதில் உட்கார்ந்திருந்தவர் வேலையை விட்டுப் போனதும், புது மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"வெளிநாட்டுக்காரங்க நிறைய வர்றாங்க. உள்ள எப்படி இருக்கும்னு அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்ற ஆள் வேணும். உங்கள்ல யாராவது இருந்தாலும் சரி, உங்க வீட்ல யாராவது இருந்தாலும் சரி. திங்கக்கிழமை வாசல்ல உக்காந்து பேசிக் காட்டட்டும்."

எலும்பு அப்போதே முடிவு செய்தார். அந்த ஃபேன் எனக்குத்தான். ஆனால் அந்த 'வீட்ல யாராவது' வீட்டுக்குத் தெரியக் கூடாது. ஏனென்றால் அவர் மகள் இரண்டாம் வகுப்பு. இங்கிலீஷ் பாடம் படிப்பது மகள், மண்டையில் ஏறுவது அம்மாவுக்கு. இந்தச் சேதி வீட்டுக்காரி காதில் விழுந்தால் ஃபேன் கை மாறிவிடும்.

ஆகவே மேனேஜர் சொன்னதில் பின்பாதியை வழியிலேயே முழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பயமா இருக்குங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும்?"

"எதுக்கு?"

"வாசல்ல உக்கார ஆள் வேணுமாம். எங்கள்ல யார் இங்கிலீஷ் பேசறாங்களோ அவங்களுக்கு ஃபேன்."

"உங்கள்ல மட்டும்தானா?"

"மட்டும்தான், மட்டும்தான்!"

நறுக்குகிற கை நின்றது. அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கே எலும்பு உஷாராகியிருக்க வேண்டும். எங்கே! கண்ணில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஸ்கேரி," என்றாள்.

"இஸ்கேரி."

"முன்னாடி 'இ' எதுக்கு?"

"பிடிச்சிக்க ஒரு இடம் வேணாமா? எடுத்ததும் வழுக்குதே!"

"ஸ்... கேரி. பாம்பு ஸ்கேரி. பேய் ஸ்கேரி. ஆனா சும்மா மனப்பாடம் பண்ணா ஒட்டாது. நிஜமா பயப்படறப்ப சொல்லணும். அப்பத்தான் ரத்தத்துல ஊறும். உங்களால முடியுமா?"

"உயிரே போனாலும் சரி!"

"அப்ப பரண் மேல ஏறுங்க."

ஏறினார். உள்ளே கும்மிருட்டு. எதுவோ காலில் ஊர்ந்தது.

"ஐயோ! கரப்பான்! கரப்பான்!"

"இங்கிலீஷ்ல!"

"ஸ்கேரி! ஸ்கேரிடி அம்மா!"

"பிரமாதம். அப்படியே அந்தப் பழைய பெட்டியெல்லாம் இறக்கிட்டு, ஒட்டடையும் அடிச்சிடுங்க."

அடுத்த பாடம் டியூப்லைட்டுக்குப் பின்னால். அங்கே குடியிருந்த பல்லி 'வெரி ஸ்கேரி'. டியூப்லைட்டும் பளபளவென்று ஆனது. அதற்கடுத்தது மொட்டைமாடித் தண்ணித் தொட்டி. எத்தனையோ காலமாக "இதோ கழுவறேன், அதோ கழுவறேன்" என்று எலும்பு ஏமாற்றி வந்த தொட்டி அது. உள்ளே இறங்கி, பாசியில் வழுக்கி உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் போட்ட "ஸ்கேரியஸ்ட்!" தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அதே பூங்காவில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ராட்டினக்காரரின் சம்சாரம் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும். பெரிய படிப்பு படிக்கிறவனைப் பார்த்து உலகம் சிரிக்கத்தான் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு கண்ணாடி மாதிரி மின்னியது. எலும்புக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இன்னும் ஏதாவது கத்துக்கணுமா?" என்றார், முனகிக்கொண்டே.

"நீங்க கேட்ட வார்த்தை வந்துடுச்சில்ல? போதும், போதும்," என்றாள் வீட்டுக்காரி, காபியை நீட்டியபடி. எவ்வளவு நல்லவள் என்று எலும்பு உருகிப்போனார்.

திங்கட்கிழமை. இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலி. ஃபேன். ஆஹா! மேனேஜர் கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தார்.

முதலில் ஒரு வெளிநாட்டு ஜோடி வந்தது. அவர்கள் கேட்டது ஒரு எழுத்தும் புரியவில்லை. அதனால் என்ன?

"ஸ்கேரி!" என்றார் எலும்பு.

அவர்கள் சிரித்தார்கள். உற்சாகம் பிறந்தது. "வெரி ஸ்கேரி!" சிரிப்பு குறைந்தது. தண்ணித் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. கண்ணை உருட்டி, அடிவயிற்றிலிருந்து, "ஸ்கேரியஸ்ட்!" என்றார். ஜோடி ராட்டினத்துக்குப் போய்விட்டது.

அடுத்து ஒரு பெரியவர், நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். "வெரி ஸ்கேரி!" அவரும் ராட்டினம். அதற்கடுத்து ஒரு பெரிய கூட்டம், அதுவும் ராட்டினம். ராட்டினக்காரர் அங்கிருந்தே இவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கடைசியாக ஒரு அம்மாவும் சின்னப் பெண்ணும் வந்தார்கள். எலும்பின் முகத்தைப் பார்த்தே குழந்தை வீறிட்டது.

"யோவ் எலும்பு!" மேனேஜர் ஓடி வந்தார். "பயமுறுத்தற வேலை உள்ளதான்யா! வாசல்ல இல்ல!"

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுக் கேரியரும் கையுமாக, விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்து நின்றாள் வீட்டுக்காரி. நேரே குழந்தை முன்னால் குனிந்தாள். "நோ, நோ. லிட்டில் ஸ்கேரி. லிட்டில்! பட் ஃபன்!" என்று சுண்டுவிரலில் அளவு காட்டினாள். அழுகை நின்றது. குழந்தையின் அம்மா டிக்கெட்டுக்குக் கை நீட்டினாள்.

மேனேஜர் வாயைப் பிளந்தார். "நீங்க யாரும்மா?"

"எலும்போட வீட்டுக்காரி சார். வீட்ல இருக்கறவங்களும் வரலாம்னு சொன்னீங்களாமே? ராட்டினக்காரர் சம்சாரம் அன்னிக்கே சொல்லிட்டாங்க."

எலும்பு மனைவியை ஓரமாக இழுத்தார்.

"லிட்டில்னு ஒண்ணு இருக்கறதை ஏன் எனக்குச் சொல்லிக் குடுக்கல?"

"மேனேஜர் சொன்னதுல பாதியைத்தானே நீங்க சொன்னீங்க? இங்கிலீஷ்ல நானும் பாதியைத்தான் சொல்லிக் குடுத்தேன். கேரியரை அப்புறம் தர்றேன், போங்க."

"எலும்பு!" என்றார் மேனேஜர். "சீக்கிரம் உடுப்பை மாட்டு. ஆள் வர்றாங்க!"

மறுபடியும் அதே இருட்டு, அதே மூலை, அதே தொப்பை. வெளியே ஃபேன் சுற்றுகிற சத்தமும், அதற்குக் கீழே மனைவி இங்கிலீஷில் குழந்தையோடு கொஞ்சிப் பேசுகிற சத்தமும் கேட்டன. எலும்பு பல்லைக் கடித்தார். இருக்கட்டும். வாசல் போனால் போகட்டும், உள்ளே நான்தான் ராஜா. அந்தக் குழந்தை வரட்டும். அது போடுகிற கூச்சலில் வாசல் நாற்காலியே ஆட வேண்டும்.

காலடிச் சத்தம் நெருங்கியது. எலும்பு மூச்சை இழுத்து, இடுப்பு வலியை மறந்து, ஒரே தாவாகத் தாவினார்.

"ஹா!"

குழந்தை அண்ணாந்து பார்த்தது. சிரித்தது. கையை ஆட்டியது.

"ஹலோ, ஹஸ்பண்ட்!"